கடலுக்குள் ஒரு மலை

நம் நாட்டில் எரிமலை இருக்கிறதா? இருக்கிறது. அந்தமான் கடலில், அந்தமான் தீவுகளுக்குக் கிழக்கே இரண்டு எரிமலைத் தீவுகள் உள்ளன. ஒன்று பாரன் தீவு. மற்றொன்று நார்கொண்டம்.

பூமியின் மேல் ஓடு ஒரே ஓடு அல்ல. அது பல பெரிய துண்டுகளாக இருக்கிறது. இந்தியா இருக்கும் துண்டு, அந்தமான் பக்கம் வேறொரு துண்டின் அடியில் மெல்ல நுழைகிறது. அங்கே, மிக ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகிறது. அந்தக் குழம்பு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. ஆறிக் கல்லாகிறது. கல் மேல் கல் குவிந்து மலையாகிறது. இந்த இரண்டு தீவுகளும் அப்படித்தான் பிறந்தன.

பாரன் தீவு இன்னும் அடங்கவில்லை. நெடுங்காலம் உறங்கிய அந்த எரிமலை 1991-இல் மறுபடி நெருப்பைக் கக்கியது. அதன் பிறகும் பல முறை கக்கியது. நார்கொண்டம் அமைதியாக இருக்கிறது. அது முழுவதும் காடு.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அத்துறையைச் சேர்ந்த மாலெட் என்பவர் 1884-இல் இரண்டு தீவுகளுக்கும் சென்றார். கல்லையும் மண்ணையும் சோதித்தார். அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. கொல்கத்தா போகிறவர்கள் இந்திய அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அங்கே பாறைகளுக்கென்றே கூடம் உண்டு. கல்லில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்!

நார்கொண்டம் எங்கே இருக்கிறது? போர்ட் பிளேரிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தில். (அந்த நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) பெரிய கப்பல் தீவின் கரையை ஒட்டி நிற்காது. சிறு படகில்தான் இறங்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் அதுவும் நடக்காது.

கரையிலிருந்தே மலை செங்குத்தாக எழும்புகிறது. உயரம் 710 மீட்டர். நம் மலைக் கோயில்களைப் போல இதற்குப் படி கிடையாது. கொடிகளை விலக்கி, வேரைப் பிடித்து ஏற வேண்டும். நினைத்தவர்கள் எல்லாம் போக முடியாது. இது காட்டுயிர்ச் சரணாலயம். அரசின் அனுமதி வேண்டும்.

இந்தக் காட்டில் ஒரு பறவை வாழ்கிறது. அதன் பெயர் நார்கொண்டம் இருவாச்சி. பெரிய வளைந்த அலகு. கறுப்பு உடல், வெள்ளை வால். ஆணின் கழுத்து செம்பழுப்பு, பெண்ணின் கழுத்து கறுப்பு. ஆனைமலையிலும் இருவாச்சிகள் உண்டு. ஆனால் இந்த வகை உலகில் வேறு எங்கும் இல்லை. இருப்பவை சுமார் ஆயிரம்தான்.

இதை 1873-இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஏ. ஓ. ஹியூம். காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான்.

முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்துகொள்ளும். வாசலை அடைத்துவிடும். சிறு பிளவு மட்டும் இருக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். ஆண் இறந்துபோனால் உள்ளே இருப்பவை பட்டினிதான். அத்திப் பழமே இவற்றுக்கு முக்கிய உணவு. தின்ற பழத்தின் விதை வேறிடத்தில் விழுகிறது. அங்கே புதிய மரம் முளைக்கிறது. காடு பறவையை வளர்க்கிறது, பறவை காட்டை வளர்க்கிறது.

இத்தீவில் ரேடார் அமைக்கக் கடலோரக் காவல் படை அனுமதி கேட்டது. கடலைக் கண்காணிக்க அது தேவை என்றார்கள். பறவைக்கு ஆபத்து என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012-இல் மறுத்தது. 2014-இல் அனுமதி கொடுத்தது.

கலந்து பேசுங்கள்:
நாட்டின் காவல் ஒரு பக்கம். ஒரே மலையில் வாழும் பறவை மறு பக்கம். முடிவு உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்?