பிராக்சி போட்டால் இணையம் வேகமாகுமா?

கேள்வி: ஐயா, வீட்டில் சும்மா கிடந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி, டைனிபிராக்சியும் நிறுவினேன். பிராக்சி இருந்தால் இணையம் பறக்கும் என்று நண்பர் சொன்னார். வேகம் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்?
– வாசகர், வில்லாவுட், சிட்னி

பதில்: நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை. நண்பர் சொன்னதும் பொய்யல்ல. கால் நூற்றாண்டுக்கு முந்திய உண்மை.

பிராக்சி என்பது நமக்காகக் கடைக்குப் போய்வரும் ஆள். உலாவி கேட்கும் பக்கத்தை அது வாங்கி வந்து தரும். வாங்கியதில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது அதையே நீட்டுவதற்குக் ‘கேஷ்’, அதாவது தற்காலிகச் சேமிப்பு, என்று பெயர். வேகம் வந்தது அதனால்தான். ஆஸ்திரேலியாவுக்கு அது பெரிய உபகாரம். 1989இல் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஹவாய் வழியாக இணையத்தில் சேர்ந்தபோது இணைப்பின் வேகம் நொடிக்கு 56 கிலோபிட். 90களில் டெல்ஸ்ட்ரா இணையச் சேவை நிறுவனங்களிடம் ஒரு மெகாபைட்டுக்கு 19 சென்ட் வாங்கியது. ஒரே படத்தை நூறு மாணவர்களுக்காக நூறு தடவை பசிபிக்கைத் தாண்டி இறக்க யாருக்கு மனம் வரும்? 1996இல் ஸ்குவிட் என்ற பிராக்சி மென்பொருள் வந்தபோது அதற்கு வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை.

உங்கள் வீட்டில் நடப்பது வேறு. டைனிபிராக்சிக்குக் கேஷே கிடையாது. அது சில மெகாபைட் நினைவகத்தில் ஓடுவதன் ரகசியமும் அதுதான். சரி, ஸ்குவிட்டைப் போட்டால்? அதுவும் அதிகம் உதவாது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டிய போக்குவரத்து. உலாவி பிராக்சியிடம் ‘கனெக்ட்’ என்று சொல்லி ஒரு குழாயைத் திறக்கச் சொல்கிறது. உள்ளே ஓடுவது மறைகுறி. பிராக்சிக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டுமே. பிரிக்க முடியாத பொட்டலத்தில் எதைப் பிரதி எடுப்பது?

அந்தப் பெயர் தெரிவதிலேயே ஒரு பயன் உண்டு. வேண்டாத தளங்களின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, டைனிபிராக்சியின் அமைப்புக் கோப்பில் உள்ள ‘ஃபில்டர்’ வரியில் அதைச் சுட்டிவிட்டால், பிள்ளைகளின் டேப்லெட்டில் அவை திறக்காது. (பிராக்சி அமைப்பை எடுத்துவிடத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், வாழ்த்துகள்.)

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ‘அலவ்’ என்ற வரிதான் யாரை அனுமதிப்பது என்று சொல்கிறது. நிறுவிய புதிதில் அதில் 127.0.0.1 போன்ற, அதே கணினியைக் குறிக்கும் முகவரி மட்டும் இருக்கும். மற்ற கருவிகளுக்கு அனுமதி மறுக்கப்படும். எரிச்சலில் பலர் அந்த வரியையே அழித்துவிடுவார்கள். உடனே எல்லாம் வேலை செய்யும். காரணம், அனுமதி வரியோ தடை வரியோ ஒன்றுகூட இல்லையென்றால் டைனிபிராக்சி எல்லோரையும் உள்ளே விடும்! ரவுட்டரில் 8888ஆம் போர்ட்டை, அதாவது அது காத்திருக்கும் வாசலை, வெளியுலகுக்குத் திறந்துவைத்தவர் என்றால், முன்பின் தெரியாதவர்கள் செய்யும் காரியமெல்லாம் உங்கள் முகவரியில் பதிவாகும்.

வரியை அழிக்காமல், வீட்டு வலைக்கு இன்னொரு ‘அலவ்’ வரி சேர்ப்பதே முறை. வீட்டு முகவரிகள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பிறகு சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். ரவுட்டரில் 8888 திறந்திருந்தால் இன்றைக்கே மூடிவிடுங்கள்.