உயிர்வளியின் வரைபடம்

உயிர் வாழ உயிர்வளி வேண்டும் என்பதை யாவரும் அறிவர். புற்றுநோய்ச் செல்லை அழிப்பதற்கும் அது துணை வேண்டும் என்பதைப் பலர் அறியார். உயிர்வளியையே ஆக்சிஜன் என்கிறோம்.

புற்றுநோய்க் கட்டியின்மீது செலுத்தப்படும் கதிர்வீச்சு, செல்லில் உள்ள டி.என்.ஏ. இழைகளைச் சிதைக்கிறது. அவ்விடத்தில் ஆக்சிஜன் இருந்தால் சிதைவு நிலைத்துவிடும், செல் மடியும். ஆக்சிஜன் இல்லையேல் சிதைவின் ஒரு பகுதி சீராகிவிடும்; செல் பிழைத்துக்கொள்ளும். அத்தகைய செல்லை அழிக்க ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படும். 1950களில் இங்கிலாந்தில் எல். எச். கிரே என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இவ்வுண்மையை எடுத்துக்காட்டினர்.

அவ்வாறாயின், கட்டி முழுவதற்கும் மும்மடங்கு கதிர்வீச்சு தரலாமே? தரலாகாது. அருகிலுள்ள நலமான உறுப்புகளும் கெடும். ஆகவே, கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்த இடம் எது என்று முதலில் அறிய வேண்டும்.

இத்தேடலில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் வேதியியலறிஞர் சங்கரன் சுப்பிரமணியன். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கிய அவர், பின்னர் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். அவர் கையாண்ட முறைக்கு எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வு என்று பெயர். இணை சேராத எலக்ட்ரான் கொண்ட ஒரு பொருளை எலியின் இரத்தத்தில் செலுத்துவர். காந்தப்புலத்தில் எலியை வைத்து வானொலி அலைகளை அனுப்பினால், அப்பொருள் ஒரு குறிப்பலையைத் திருப்பி அனுப்பும். ஆக்சிஜன் மூலக்கூறிலும் இணை சேராத எலக்ட்ரான்கள் இரண்டு உள்ளன. எனவே ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் குறிப்பலை விரைந்து மங்கும். குறைந்த இடத்தில் மெல்ல மங்கும். இந்த வேறுபாட்டைக் கணித்து ஆக்சிஜன் வரைபடம் தீட்டுவர்.

2019இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய வரைபடத்தின் துணைகொண்டு எலிகளுக்குச் சிகிச்சை அளித்தனர். ஆக்சிஜன் குறைந்த பகுதிக்குக் கூடுதல் கதிர்வீச்சுப் பெற்ற எலிகள், ஆக்சிஜன் மிகுந்த பகுதிக்கு அதனைப் பெற்ற எலிகளைவிட நல்ல பயன் அடைந்தன. எலியைவிட மனித உடல் பெரிது. வானொலி அலைகள் அதனுள் ஆழமாகச் செல்வது கடினம். அத்தடையைக் கடப்பதே ஆய்வாளர்முன் உள்ள பணி. எவ்வளவு கதிர்வீச்சு என்பதோடு, எவ்விடத்தில் என்பதும் நோயாளியின் உயிரைக் காக்கும்.

சொற்பொருள்
மடியும் – இறக்கும்
தரலாகாது – தரக் கூடாது
ஏறத்தாழ – சுமாராக

வினாக்கள்
1. ஆக்சிஜன் இல்லாத செல் கதிர்வீச்சிலிருந்து பிழைப்பது எவ்வாறு?
2. கட்டி முழுவதற்கும் மும்மடங்கு கதிர்வீச்சு தரலாகாது. ஏன்?
3. குறிப்பலை மெல்ல மங்கும் இடத்தைப் பற்றி நீ அறிவது யாது?