பழைய ரிமோட்டுக்கு மறுவாழ்வு

தமிழ்நாடு அரசு 2006 செப்டம்பரில் வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு பகுதி வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருந்து அதன் ரிமோட் மட்டும் பழுதானால், பின்வரும் வரிசையில் சோதிப்பது நலம்.

● பேட்டரி: புதிய பேட்டரிகளை இட்டும் பயனில்லையெனில், சுருள்கம்பியில் படிந்திருக்கும் துருவைத் தேய்த்து நீக்க வேண்டும், அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிந்த வெண்படிவம் காரத்தன்மை உடையதாதலால், வினிகர் தொட்ட பஞ்சால் அதைத் துடைத்து உலர்த்த வேண்டும்.

● ஒளி: ரிமோட் உமிழும் அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குப் புலப்படாதது, எனினும் கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியே பார்த்தபடி பொத்தானை அழுத்தினால், முனையிலுள்ள சிறு விளக்கு மின்னுவது பெரும்பாலும் தெரியும்.

● பொத்தான்கள்: சில பொத்தான்கள் மட்டும் இயங்காவிடில், மூடியைத் திறந்து, ரப்பர் விரிப்பின் அடியிலுள்ள கரிப்பூச்சையும், அது தொட்டு மின்சுற்றை இணைக்கும் பலகையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மென்மையாகத் துடைக்கலாம்.

● கீழே விழுந்திருந்தால்: அதிர்வெண்ணை நிலைப்படுத்தும் ரெசனேட்டர் என்னும் சிறு உறுப்பு உடைந்தோ, பற்றவைப்பு விட்டோ இருக்கக்கூடும், அதைக் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

● எச்சரிக்கை: ரிமோட் மின்னியும் பெட்டி இயங்காவிடில் பழுது பெட்டியில் அக்கதிரைப் பெறும் ஏற்பியில் இருக்கலாம், ஆனால் மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்குமாதலால், பெட்டியைத் திறக்கும் பணியைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும்.