கொள்ளு ரசமும் கொல்கத்தாக் குளிரும்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆனால் போதும், லேக் கார்டன்ஸில் எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் குரங்குக் குல்லாவுக்குள் புகுந்துகொள்வார்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிற நம்மவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஜனவரியில்கூட இரவு வெப்பநிலை சராசரியாக 14 டிகிரிதானே என்பார்கள். வடகாற்று வலுத்து அது 11, 10 என்று இறங்கும் நாலைந்து நாட்களில் சிரிப்பு நின்றுவிடும். இங்குள்ள வீடுகள் வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. உள்ளே கணப்பு கிடையாது, தரையில் கால் வைக்க முடியாது.

இதில் அதிகம் வாடுகிறவர்கள் நாம் தெற்கிலிருந்து அழைத்து வந்து வைத்திருக்கும் பெரியவர்கள்தாம். என் மாமியார் எழுபத்தெட்டு வயதில் இங்கே வந்தார். முதல் குளிர்காலத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரொட்டியை மெல்லப் பல் இல்லை. தேநீரைக் குடித்தே நாளை ஓட்டினார். வயதானவர்கள் உண்ணாமல் இருந்தால் குளிரைத் தாங்கும் சூட்டை உடம்பு எங்கிருந்து உண்டாக்கும்? அந்த வாரம் அவரை எழுந்து உட்கார வைத்தது கொள்ளு ரசம். அதைச் செய்யும் முறையைச் சில இளம் தாய்மார்கள் கேட்டிருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

நான் பெருந்துறைப் பக்கத்துக்காரி. கொங்கு நாட்டில் கொள்ளு மானாவாரிப் பயிர். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் தை மாதத்தில் அறுப்பு. என் அம்மாயி தோட்டத்துச் சாளையில் உழவு மாடுகளுக்காகப் பெரிய பானையில் கொள்ளு வேகும். வெந்த கொள்ளு மாட்டுக்கு, வடித்த தண்ணீர் எங்களுக்கு. பனி விழும் காலையில் அந்த ரசத்தை அடுப்படியிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் ஆட்கள் காட்டுக்குப் போவார்கள். மாட்டுத் தீவனம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கொள்ளுக்கு வங்காளத்தில் குல்தி கலாய் என்று பெயர். ஏரிக்கு அந்தப் பக்கம் லேக் மார்க்கெட்டில் நம் ஊர்ச் சரக்குக் கடைகளில் கொள்ளு என்றே கேட்கலாம். பக்கத்து முதிக்கானாவில் வாங்குவதானால் மிளகுக்கு கோல் மொரிச், சீரகத்துக்கு ஜீரே, புளிக்கு தெந்துல், பூண்டுக்கு ரொசுன். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பி இரண்டு மொழியிலும் சொல்லிப் பழகவிடுங்கள்.

நாலு பேருக்கு அரைக் கோப்பைக் கொள்ளு போதும். கல் பொறுக்கி, வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, கழுவி, இரவு முழுதும் ஊற வையுங்கள். காலையில் ஐந்து கோப்பை நீர் விட்டுக் குக்கரில் எட்டு விசில். குளிர்காலத்தில் இது சற்றுத் தாமதமாகவே வேகும், அவசரப்பட வேண்டாம். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள்.

ஒரு தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி தனியா, ஆறு பல் பூண்டு, ஒரு கரண்டி வெந்த கொள்ளு இவற்றைக் கொரகொரப்பாக அரையுங்கள். சிறு நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து, மஞ்சள்தூள், உப்புப் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். பிறகுதான் கொள்ளுத் தண்ணீரும் அரைத்ததும் சேர வேண்டும். நுரை கூடி மேலே எழும்பியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் மிளகு, சீரகத்தின் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும், காரம் மட்டும் மிஞ்சும். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி மூடுங்கள். தக்காளி போடுகிறவர்கள் போடலாம், எனக்கு அதில் சம்மதமில்லை. சிறு பிள்ளைகளுக்கு மிளகைப் பாதியாகக் குறையுங்கள். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

என் பையன் இதை சூப் என்கிறான். சொல்லட்டும். நம் மிளகுத் தண்ணீரைத்தான் வெள்ளைக்காரன் முல்லிகட்டானி என்று சூப் ஆக்கினான். சென்னை மாகாணத்து ஆங்கிலேய அதிகாரிகளை இதை வைத்தே மல் என்று கேலியாக அழைத்தார்கள் என்று 1886இல் வந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதி சொல்கிறது.

மிளகு ஏன் சூடாகத் தெரிகிறது என்று அவன் கேட்டான். உண்மைச் சூட்டை உணர நம் நரம்பு முனைகளில் ஒரு வாயில் இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் அது திறக்கும். மிளகாயின் காப்சைசினும் மிளகின் பைப்பரினும் அதே வாயிலைத் திறந்துவிடுவதால் மூளை சுடுகிறது என்று நினைக்கிறது. இந்த வாயிலை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆகவே மிளகு தருவது சூட்டின் உணர்வு. உடம்புக்குச் சேரும் சூடு ரசத்தின் வெந்நீரிலும், கொள்ளும் சோறும் தரும் சக்தியிலும் இருக்கிறது. காரம் ஏறி வியர்த்தால் உள்ள சூடும் வெளியேறும். அதனால் பெரியவர்களுக்குச் சால்வையைப் போர்த்திவிட்டு, மிதமான காரத்தில், ஒரு பிடி குழைந்த சோறும் கலந்து கொடுங்கள். சளிக்கு மருந்து என்று நான் சொல்லமாட்டேன். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் நீடித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளிர் தாங்காமல் சிலர் கரி அடுப்பை மூட்டிப் படுக்கையறையில் வைத்து, கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடக்கூடும். வெந்நீர்ப் பை வையுங்கள், இன்னொரு கம்பளி போடுங்கள். கரியை மட்டும் அறைக்குள் கொண்டு போகாதீர்கள்.

மிஞ்சிய கொள்ளை எறிந்துவிடாதீர்கள். நம் வீட்டில் மாடு இல்லை, அதை நாமே சாப்பிட வேண்டியதுதான். சின்ன வெங்காயம், சீரகம், இரண்டு மிளகாய் வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் சோற்றுக்குப் பிசைந்துகொள்ளலாம். எதிர்வீட்டு மாஷிமாவுக்கு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தேன். ‘கூப் ஜால்!’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, அதில் நோலேன் குட் வைத்துத் திருப்பித் தந்தவர், கொள்ளை எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.