படகின் தடமும் மீன்பாட்டுக் கணக்கும்

முன்னுரை

எந்தப் படகு எங்கே வலை விடுகிறது, எவ்வளவு மீன் எடுக்கிறது என்பதைக் கரையில் உட்கார்ந்தே சொல்ல முடியுமா? முடியும் நண்பர்களே! அதற்கு இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று படகு போன தடம். மற்றொன்று அது கொண்டுவந்த மீன்பாடு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் ஏமாந்து போவோம். எப்படி என்று பார்ப்போம்.

தடம் எப்படிக் கிடைக்கிறது?

1. ஏ.ஐ.எஸ்.: கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வந்த கருவி. படகின் அடையாள எண், இருக்கும் இடம், வேகம், திசை எல்லாவற்றையும் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கப்பலும் கேட்கலாம், வானத்துச் செயற்கைக்கோளும் கேட்கலாம்.

2. வி.எம்.எஸ்.: இது மீன்பிடிப் படகுக்கென்றே வந்தது. சேதி எல்லோருக்கும் போகாது, அரசாங்கத்தின் கண்காணிப்பு நிலையத்துக்கு மட்டுமே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு இது கட்டாயம். 2 மணிக்கு ஒரு தடவையாவது சேதி வரவேண்டும் என்று அங்கே விதி வைத்தார்கள்.

இடம் மட்டும் தெரிந்தால் போதுமா? வேகமும் வேண்டும். இழுவைமடி போடும் விசைப்படகு மடியை இழுக்கும்போது சுமார் 2 முதல் 4 நாட் வேகத்தில்தான் போகும். மீன்பிடிக்கும் இடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் 8 நாட், அதற்கு மேலும் ஓடும். (1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.) ஆகவே வேகத்தை வைத்தே ‘இங்கே ஓட்டம், இங்கே மடி’ என்று பிரித்துவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு படகை எடுத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு புள்ளி வீதம் ஒரு நாளுக்கு 24 புள்ளிகள். அதில் 9 புள்ளிகள் 8 நாட்டுக்கு மேல்: ஓட்டம். 3 புள்ளிகளில் வேகமே இல்லை: நங்கூரம். மீதி 12 புள்ளிகள் 3 நாட்டை ஒட்டி: மீன்பிடிப்பு. அன்றைய பதிவேட்டில் மீன்பாடு 900 கிலோ.

மீன்பிடித்த நேரம் = 12 மணி
ஒரு மணிக்கு மீன்பாடு = 900 ÷ 12 = 75 கிலோ

கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்த 12 புள்ளிகளில் 8 முதல் கட்டத்திலும் 4 இரண்டாம் கட்டத்திலும் விழுந்தால், 600 கிலோ முதல் கட்டத்துக்கு, 300 கிலோ இரண்டாவதுக்கு. இது தோராயம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான படகுகளுக்கு இப்படிப் போட்டால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு மீன், எவ்வளவு உழைப்பு என்று ஒரு படமே கிடைத்துவிடும்.

அடுத்த வருஷம் அதே படகு ஒரு நாளில் 960 கிலோ கொண்டுவருகிறது. ‘ஆஹா, மீன் கூடிப்போச்சு!’ என்போம். தடத்தைப் பார்த்தால் மடி இழுத்தது 16 மணி நேரம். 960 ÷ 16 = 60 கிலோ. மொத்தம் கூடியது, மணிக்கு வந்தது குறைந்தது. உழைப்பும் டீசலும்தான் அதிகம். பதிவேடு மட்டும் இருந்திருந்தால் இது தெரியுமா?

கனடா சொல்லும் பாடம்

மணிக்கு இத்தனை கிலோ என்ற கணக்கும் சில சமயம் காலை வாரிவிடும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் என்ற மீன் இருந்தது. அதன் எண்ணிக்கை சரியச் சரிய, மிஞ்சியவை ஒரு சிறு பரப்பில் கூட்டமாக ஒதுங்கின. நல்ல கருவிகள் வைத்திருந்த பெரிய இழுவைக் கப்பல்கள் அந்தக் கூட்டத்தைத் தேடிப்போய் அள்ளின. மணிக்கணக்கில் மீன்பாடு குறையவே இல்லை. மீன் நிறைய இருப்பதாகத் தோன்றியது. கடைசியில் 1992 ஜூலை 2-ஆம் தேதி மீன்பிடிப்பையே அரசு நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. வணிக மீன்பிடிப்பை மறுபடி திறந்தது 2024-ல்தான், அதுவும் அளவோடு.

எவ்வளவு கிடைத்தது என்பதோடு எத்தனை பரப்பில் கிடைத்தது என்றும் பார்க்கவேண்டும். பரப்பு சுருங்கினால் அதுவே எச்சரிக்கை மணி.

குறைகளும் உண்டு

1. மெதுவாகப் போவதெல்லாம் மீன்பிடிப்பு அல்ல. காற்றுக்காகக் காத்திருக்கலாம், துறைமுக வாசலில் வரிசையில் நிற்கலாம்.

2. 2 மணிக்கு ஒரு புள்ளி என்றால், 3 நாட் வேகத்தில் இடையில் 11 கி.மீ. தடம் நம் கண்ணுக்குத் தெரியாது.

3. கருவி இல்லாத, அல்லது அணைத்துவைத்த படகுகள். 2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, செயற்கைக்கோள் ராடார் படங்களை ஏ.ஐ.எஸ். தடத்தோடு ஒப்பிட்டது. உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பொதுத் தடத்தில் வருவதே இல்லை என்று கண்டது.

நம் கரையில்

இந்தியாவில் மீன்பாட்டுக் கணக்குக்குக் குறைவில்லை. 1947-ல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மீன் இறங்கும் இடங்களில் மாதிரிக் கணக்கு எடுத்து மொத்தத்தை மதிப்பிடுகிறது. குறைவாக இருந்தது தடம்தான். 2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, 1 லட்சம் படகுகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இதில் இருவழிச் சேதி உண்டு, ஆபத்தில் உதவி கேட்கலாம்.

ஃபைபர் படகில் போகும் என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “ஏப்பா, பெட்டிய மாட்டிட்டா நாம வலை விடுற இடம் ஊருக்கே தெரிஞ்சு போயிடாதா?” என்றார். நியாயமான கேள்வி! கோபுரத்தையும் பனைமரத்தையும் நேர்கோட்டில் வைத்து ஒரு பாரைக் கண்டுபிடிக்க அவருக்கு வருஷக்கணக்கில் ஆகியிருக்கிறது. அந்த அறிவு அவருடைய சொத்து. ஆகவே தனிப் படகின் தடம் ரகசியமாகவும், பல படகுகள் சேர்ந்த கட்டக் கணக்கு மட்டும் பொதுவாகவும் இருக்கவேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தடம் இல்லாத படகு வரைபடத்தில் இல்லை. நாளைக்கு ஒரு கப்பல் பாதையோ துறைமுகமோ வரும்போது, ‘இங்கே யாரும் மீன் பிடிக்கவில்லையே’ என்று வெற்றுக் கட்டத்தைக் காட்டினால் சித்தப்பா எதைக் காட்டுவார்?

முடிவுரை

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, வலை விட்ட நேரம், எடுத்த நேரம், போனில் தெரியும் அட்சரேகை தீர்க்கரேகை, கிலோ என ஐந்தே கட்டங்கள். கடற்கரை ஊரிலிருந்து வரும் நண்பர்கள் ஒரு வருஷம் எழுதிவைத்தால், மற்றவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கட்டக் கணக்குப் போடலாம். நல்ல புராஜெக்ட்! முடித்ததும் அந்தப் படத்தை முதலில் படகுக்காரரிடம் கொடுங்கள். கணக்கு அவர் கையில் இருந்தால்தான் அவர் பேச்சுக்கு எடை இருக்கும்.