கேட்காமலே திரும்பி வரும் சிப்பாய்

சந்திரகிரிக் கோட்டை நிழலில் சதுரங்கப் பலகை விரித்தாலும் சரி, சென்னையில் விரித்தாலும் சரி, குவீன்ஸ் கேம்பிட் ஆடத் தொடங்குகிற பிள்ளைகளிடம் வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. டி4, டி5, சி4 என்று ஆட்டம் போய், கறுப்பு அந்த சி4 சிப்பாயை வெட்டிவிட்டால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் நஷ்டம், அதை உடனே மீட்டாக வேண்டும் என்பது. மூன்றாவது நகர்த்தலிலேயே ராணி ஏ4-க்கு ஓடி செக் வைப்பது அதனால்தான். சிப்பாய் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் கறுப்புக் குதிரை டி7-ல் வந்து மறைக்கும். ராணி சி4-ல் வெட்டியதும் அதே குதிரை பி6-க்குத் தாவி அதைத் துரத்தும். ராணி மூன்றாம் முறையாக நடக்க வேண்டியிருக்கும், வெள்ளையின் குதிரைகளும் மந்திரிகளும் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்காது.

இந்த அவசரமே தேவையில்லை. பெயரில் கேம்பிட் இருந்தாலும் இதில் உண்மையான தியாகம் கிடையாது. கறுப்பால் அந்தச் சிப்பாயைக் கட்டிக் காக்க முடியாது. பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை இ3 ஆடி மந்திரிக்கு வழி திறக்கிறது. கறுப்பு பி5 என்று காவல் போட்டால் வெள்ளை ஏ4. கறுப்பு சி6 என்று முட்டுக் கொடுக்கிறது. ஏ-சிப்பாய் பி5-ல் வெட்டுகிறது, சி-சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. இப்போது ராணி எஃப்3! அங்கிருந்து ஏ8 வரை மூலைக்கோடு முழுக்கக் காலி, கோடியில் யானை மாட்டிக்கொண்டு நிற்கிறது. குதிரையையோ மந்திரியையோ பறிகொடுக்காமல் அந்த யானையைக் காப்பாற்ற வழியில்லை.

இ4-தான் வீரமான பதில், இ3 பயந்தவன் ஆட்டம் என்பது அடுத்த நம்பிக்கை. இ4 மோசமில்லை; நடுவில் இரண்டு சிப்பாய்கள் அருகருகே நிற்பது பெரிய பலம். ஆனால் இ4-ல் நிற்கும் சிப்பாய் நாம் இப்போது பார்த்த அதே மூலைக்கோட்டை அடைத்துவிடுகிறது. எஃப்3 ராணியின் மிரட்டல் போய்விடுவதால் கறுப்பு தைரியமாக பி5 ஆடலாம். கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்தால், இ5 தள்ளி விரட்டலாமே என்று தோன்றும். அது டி5-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். சிப்பாயை வைத்து அதை அங்கிருந்து கிளப்பவும் முடியாது: சி-சிப்பாய் வெட்டுப்பட்டாயிற்று, இ-சிப்பாய் தாண்டிப் போயிற்று. இந்தப் பதில்களையெல்லாம் படித்து வைத்திருப்பவருக்கு இ4 நல்ல ஆயுதம். படிக்காதவருக்கு இ3 போதும் என்பது என் கருத்து.

இ3 ஆடினால் கறுப்பு உடனே இ5 தள்ளி நடுவை உடைத்துவிடுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. அந்த இ5 சிப்பாயை டி-சிப்பாயால் வெட்டக் கூடாது. ராணிகள் பரிமாறப்பட்டு, வெள்ளை ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழக்கும். சி4 சிப்பாயை மந்திரியால் வெட்டுவதே சரி. பிறகு டி4-ல் வெட்டுகள் நடந்து வெள்ளைக்கு அங்கே, பக்கத்து வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாத ஒரு தனிச் சிப்பாய் மிஞ்சும். தனிச் சிப்பாய் பலவீனம் என்று சொல்லித் தருகிறார்கள். காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில் அது உண்மைதான். அதற்கு முன்னால் என்ன ஆகும் என்பதை 2001 டார்ட்மண்ட் போட்டியில் நம் விஸ்வநாதன் ஆனந்தே அனுபவித்தார். கறுப்பில் அவர் இதே கேம்பிட்டை ஏற்றார். வேறு நகர்த்தல் வரிசையில்தான் என்றாலும், வெள்ளையில் ஆடிய விளாடிமிர் கிராம்னிக்குக்கு டி4-ல் வாய்த்தது அதே தனிச் சிப்பாய். 15-வது நகர்த்தலில் கிராம்னிக் அதை டி5-க்குத் தள்ளிப் பலி கொடுத்தார். கோடுகள் திறந்தன, ராணி எச்4-க்கு வந்து ராஜாவைக் குறிவைத்தது, முப்பது நகர்த்தலுக்குள் ஆனந்த் தோற்றார். அந்தக் காலத்தில் உலகின் முதல்வரிசை ஆட்டக்காரராக இருந்தவரையே திணறடித்த சிப்பாயைச் சுமை என்று எண்ணி ஒதுக்குவானேன்?

அப்படியும் தனிச் சிப்பாய் வேண்டாம் என்பவர் குதிரையை முதலில் எஃப்3-ல் வைத்து இ5-ஐத் தடுக்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் குதிரை நிற்பதால் ராணிக்கு அங்கே இடமில்லை, யானையைப் பிடிக்கும் பொறியும் இல்லை. கறுப்பு பி5 ஆடினால் ஏ4, பிறகு பி3 என்று பொறுமையாகப் பக்கத்திலிருந்து அரித்துத்தான் அந்தச் சிப்பாயை மீட்க வேண்டும்.