ஒரே வயல், பல மண்! மாதிரி எடுப்பதில் கவனம் தேவை

நான்கு வரப்புக்குள் அடங்கிய ஒரு ஏக்கர் வயல் பார்வைக்கு ஒரே மண்ணாகத் தோன்றும். ஆனால் ஓரிடத்தில் நெல் தூர் கட்டிச் செழித்து நிற்க, பத்தடி தள்ளி மஞ்சளாகக் குன்றி நிற்பதை விவசாயிகள் பலரும் கண்டிருப்பர். விதையும் நீரும் உரமும் ஒன்றே. பூச்சி, நோய் இல்லையெனில் மண்ணைத்தான் கவனிக்க வேண்டும்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி நிலத்தைச் சமன் செய்யும்போது, மேட்டின் வளமான மேல்மண் பள்ளத்திற்குப் போய்விடுகிறது. மேட்டில் சத்துக் குறைந்த அடிமண் வெளிப்படுகிறது. எருக்குவியல் கிடந்த இடத்தில் மணிச்சத்து பல ஆண்டுகள் கூடுதலாக இருக்கும். வடிகால் இல்லாத மூலையில் கசிவுநீர் தேங்கி உப்புப் பூக்கும்.

களர்த் திட்டு உள்ள வயலில் இந்த வேறுபாடு பெரும் நஷ்டத்தை உண்டாக்கும். நல்ல பகுதியின் கார அமில நிலை 7.5 ஆகவும், திட்டில் 9.5 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு மண்ணையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் இடைப்பட்ட ஓர் எண் கிடைக்கும். அது இரண்டு இடத்திற்கும் பொருந்தாது. திட்டுக்குத் தேவையான ஜிப்சம் கிடைக்காது. பயிர் மஞ்சளாக இருக்கிறதே என்று யூரியாவை அள்ளித் தெளித்தால், களர் மண்ணில் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியா ஆவியாகிக் காற்றோடு போய்விடும்.

ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணின் எடை சுமார் 8 லட்சம் கிலோ. பரிசோதனைக்குச் செல்வதோ அரை கிலோ. ஆகவே மாதிரியை முறைப்படி எடுத்தல் அவசியம்.

மண்ணின் நிறம், மேடு பள்ளம், பயிரின் வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து வயலைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்கும் நடந்து 10 முதல் 15 இடங்களில் மண் எடுக்க வேண்டும். வரப்போரம், வாய்க்கால், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். உரமிட்டவுடன் எடுக்கக்கூடாது.

மேலேயுள்ள சருகை நீக்கி, 'வி' வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு அங்குல கனத்தில் சீவி எடுக்கவும். நெல்லுக்கு 15 செ.மீ., பருத்தி, கரும்புக்கு 22.5 செ.மீ. ஆழம் போதும். எடுத்த மண்ணை நன்கு கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பாகங்களை ஒதுக்கவும். அரை கிலோ மிஞ்சும்வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் இடவும். பெயர், சர்வே எண், அடுத்த பயிர் ஆகியவற்றை எழுதி மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பவும்.

குன்றிய திட்டின் மண்ணைத் தனிப்பையில் அனுப்பவேண்டும். களர் என்று தெரிந்தால் பரிந்துரைத்த ஜிப்சத்தைத் திட்டுக்கு மட்டும் இட்டு, நீர் கட்டி வடிக்கலாம். முழு வயலுக்கும் செலவிட வேண்டியதில்லை. மேல்மண் போன இடமாயின் தொழுஉரத்தைக் கூடுதலாக இடலாம்.

அறுவடைக்குப் பின் திட்டின் எல்லை தெரியாது. ஆகவே பயிர் நிற்கும்போதே குன்றிய இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, அறுவடை முடிந்ததும் மாதிரி எடுத்தல் நலம்.